ஃபேக்கருக்காக சியோல் போனோம்

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, இன்னும் தொண்டை சரியாகவில்லை. கத்தியதாலா, குளிராலா? இரண்டாலும்தான் இருக்கும். அங்கே இருந்த ஐந்து நாளும் ராத்திரி படுக்கும் முன் போனில் எழுதி வைத்ததை நாள்வாரியாகப் போடுகிறேன். ஃபேக்கர், டி1 என்ற கொரிய அணியின் நட்சத்திரம். அந்த அணி ஆடிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் உலகக் கோப்பை இறுதிக்குத்தான் நானும் தம்பியும் போனோம். அதை விளையாடாதவர்களும் படிக்கலாம். விளையாட்டைவிட, அதைப் பார்க்க வந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 16, 2023, வியாழன்

மதியம் ஒன்றே கால் மணிக்கு இஞ்சியோனில் இறங்கியிருக்க வேண்டியது. விமானம் மேகத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கேப்டன் கொரிய மொழியில் ஏதோ அறிவித்தார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. இன்று நாடு முழுக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு. அதில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதிக்காக 1.05 முதல் 1.40 வரை வானத்தில் தடை. அந்த 35 நிமிடமும் எந்த விமானமும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. பிள்ளைகள் காதில் இரைச்சல் விழக்கூடாதாம்.

பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி கண்ணை மூடிக் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரனோ பேத்தியோ எழுதுகிறார்கள் போல. நானும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

இறங்கினால் மழை, அதுவும் எலும்பைத் தொடும் குளிரோடு. ஜோங்னோ பகுதியில் ஒரு சந்துக்குள் விருந்தினர் விடுதி. நடத்துபவர் அறுபது வயது தாண்டிய அம்மா. எல்லோரும் அவரை 'இமோ' என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊர்ச் சித்திதான் அவர்களுக்கு இமோ. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் தரை இளஞ்சூடாக இருக்கிறது, அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. நனைந்த சாக்ஸைத் தரையிலேயே விரித்தேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.

சாயங்காலம் முதல் வேலையாக பிசி பாங் போனோம். 'பாங்' என்றால் அறை. நம் ஊர் பிரவுசிங் சென்டரை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நூறு கம்ப்யூட்டருக்கு மேல், சாய்ந்து படுக்கிற மாதிரி நாற்காலி, திரையிலேயே மெனு. ஒரு மணி நேரத்துக்கு 1,300 வோன். ஆயிரம் வோன் நம் காசில் 64 ரூபாய் சுமார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை உடைத்து ஊற்றிய ராமியோன் நூடுல்ஸ் 4,500 வோன். ஆர்டர் போட்ட ஏழாவது நிமிடம் மேசைக்கு வந்துவிட்டது. கீபோர்டில் ஒரு சொட்டுகூட விழாமல் அவர்கள் அதைச் சாப்பிடுகிற நேர்த்தி தனி.

தேர்வு முடித்த பிள்ளைகள் எல்லாம் நேராக இங்கேதான் வந்திருந்தார்கள். என் பக்கத்தில் சீருடையோடு ஒரு பையன். புத்தகப் பை காலடியில். தம்பியின் சட்டையில் டி1 சின்னத்தைப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பு ஆப்பை நீட்டினான். "எந்த நாடு? ஃபைனலுக்காகவா வந்தீர்கள்?" ஆமாம் என்றதும் எழுந்து நின்று தலை குனிந்து வணங்கினான், ஏதோ அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் வந்த மாதிரி. ஃபேக்கரை அவன் ஃபேக்கர் என்றே சொல்லவில்லை. 'சாங்-ஹியோக் ஹியங்' என்றான். ஹியங் என்றால் அண்ணன். அண்ணன் விளையாட வந்தபோது இவனுக்கு எட்டு வயது.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைப் பையன் வரிசை வரிசையாக வந்து சீருடைக்காரர்களை எழுப்பினான். பதினெட்டு வயது ஆகாதவர்களும் பள்ளி மாணவர்களும் இரவு பத்துக்கு மேல் பிசி பாங்கில் இருக்கக்கூடாது, சட்டம். ஒருத்தனும் வம்பு பண்ணவில்லை. என் பக்கத்துப் பையன் மட்டும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, போகிற போக்கில் எங்களிடம் கையை மடக்கிக் காட்டி "ஃபைட்டிங்" என்றான், அங்கே உற்சாகப்படுத்தச் சொல்கிற சொல் அது.

நவம்பர் 17, வெள்ளி

காலையில் பனி! மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு முதல் பனி. பொட்டுப் பொட்டாகத்தான், தரையில் விழுந்ததும் கரைகிற பனி. ஆனாலும் இமோ உட்பட எல்லோரும் சந்தில் வந்து நின்றார்கள். சியோலுக்கே இது இந்த வருடத்தின் முதல் பனியாம்.

சமையலறையில் செங்டுவிலிருந்து வந்திருக்கும் ஒரு சீனப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எதிரணி: வெய்போ என்ற சீன அணியின் தி ஷை என்ற வீரருக்காக வந்திருக்கிறாள். தி ஷை கொரியர், காங் சுங்-லோக். சின்ன வயதிலேயே சீனா போய் அங்கேயே விளையாடுகிறவர். 2018-ல் இதே கொரியாவில், இஞ்சியோன் மைதானத்தில், சீனாவுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்த அணியில் இருந்தார். அன்று இவள் பள்ளி முடித்த வயசு, வர வழியில்லை. அதிலிருந்து அவருக்காகவே கொரிய மொழி படிக்கிறாள். ஐந்து வருடம்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள், கொரிய மொழியில், மூன்று பக்கம். இமோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலோடு அதைத் திருத்திக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழை அதிகம் இல்லை. இடம் விடுவதில்தான் தப்பு. சேர்த்து எழுதிய இரண்டு சொல்லுக்கு நடுவே, மேலே, சின்னதாக ஒரு டிக் போடுகிறார். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து டிக். அந்த விளையாட்டு என்னவென்றே இமோவுக்குத் தெரியாது. ஆனால் வரிக்கு வரி வாய்விட்டுப் படித்து, ஒரு இடத்தில் நிறுத்தி, அந்தப் பெண்ணின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். என்ன எழுதியிருந்தாளோ, நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதமும் அட்டையும்தான் இந்த ரசிகர்களின் உயிர். ஸ்டார்கிராஃப்ட் என்ற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் காலத்திலிருந்தே இது உண்டு. 2004-ல் புசானின் குவாங்கல்லி கடற்கரையில் ஒரு ஸ்டார்கிராஃப்ட் இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். வீரர் பெயரை வண்ணத்தில் எழுதி, படம் வரைந்து தூக்கிப் பிடிக்கிற அட்டைக்கு 'சியர்ஃபுல்' என்று அவர்களே வைத்த பெயர், இன்னும் மாறவில்லை.

பத்து மணிக்கு நடந்தே லோல் பார்க் போனோம். ஜோங்காக் ஸ்டேஷனுக்கு மேலே, அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. கொரிய லீக் ஆட்டங்கள் நடக்கிற அரங்கம். நாங்கள் மதுரையில் மதியச் சாப்பாட்டுத் தட்டோடு பார்க்கிற ஆட்டமெல்லாம் இங்கேதான். அங்கே மாலை ஐந்து மணி, நமக்கு ஒன்றரை. லீக் சீசன் முடிந்துவிட்டதால் அரங்கக் கதவு சாத்தியிருந்தது. ஐந்நூறு பேருக்குள்தான் உள்ளே உட்கார முடியும். டிவியில் பெரிதாகத் தெரிந்தது, நேரில் ஒரு கல்யாண மண்டபம் அளவு. தம்பி கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றான்.

"அக்கா, 2017 ஞாபகம் இருக்கா?" என்றான்.

இல்லாமலா. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லீ சாங்-ஹியோக் என்ற பையன் 2013 ஏப்ரலில், பதினாறு வயதில், ஃபேக்கர் என்ற பெயரில் முதல் போட்டி ஆடினான். எதிரில் ஆம்பிஷன், அன்றைய பெரிய கை. அவரைத் தனியாக மோதி வீழ்த்தினான். அந்த வருடமே உலகக் கோப்பை. 2015, 2016 என மூன்று கோப்பை ஆகிவிட்டது. நாலாவதுக்கு 2017-ல் பெய்ஜிங் பறவைக்கூடு மைதானத்தில் இறங்கி 0–3 தோல்வி. ஜெயித்த அணியின் கேப்டன் அதே ஆம்பிஷன். ஃபேக்கர் மேசையில் குனிந்து அழுதார். நாங்கள் வீட்டில் அழுதோம். இந்தியாவுக்கு என்று தனி சர்வர் இல்லாமல், கிளிக் பண்ணுவது தாமதமாகப் போய்ச் சேருகிற 150, 200 பிங்கில் ஆளுக்கு ஒரு ஆட்டம் என்று முறை வைத்து விளையாடிய காலம். அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்தான் இரண்டு பேரும் அழுதோம்.

அப்புறம் 2019 அரையிறுதியில் தோல்வி. 2021 அரையிறுதி 2–3. 2022-ல் சான்பிரான்சிஸ்கோ இறுதியில் டிஆர்எக்ஸ் அணியிடம் மறுபடி 2–3. நமக்கு விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கிய ஆட்டம். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "இந்தக் கண்ணாடிப் பையன் ஏன் இப்படித் தோத்துக்கிட்டே இருக்கான்" என்று கேட்டாள். இந்த வருடம் ஜூலையில் கைவலி வந்து ஒரு மாதம் ஓய்வு. அவர் இல்லாத அந்த எட்டு ஆட்டத்தில் டி1 ஏழில் தோற்றது. அப்போதுதான் தம்பி சொன்னான், இந்த முறை நேரில் போகலாம் என்று. ஜெயிப்பார்கள் என்று நினைத்து அல்ல. இனி எத்தனை வருடம் ஆடுவாரோ என்றுதான்.

மதியம் குவாங்ஜாங் சந்தை. பச்சைப்பயறு ஊறவைத்துக் கல் இயந்திரத்தில் அரைத்து, முளைப்பயறைக் கலந்து, எண்ணெய் மிதக்கிற கல்லில் தடிமனாகச் சுடுகிறார்கள், பின்டேத்தொக். வாயில் வைத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அடை!" என்றோம். 5,000 வோன், ஒன்றிலேயே வயிறு நிறைந்துவிடும். பெஞ்சுக்கு அடியில் மின்கம்பி வைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். எழுந்து போகவே மனசு வரவில்லை.

நவம்பர் 18, சனி

கெட்ட நாள். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோச்சோக் டோமில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு எங்கள் கையில் டிக்கெட் இல்லை. விற்பனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிட்டது. மறுவிற்பனையில் ஒருவர் இரண்டு டிக்கெட் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தார், நம் காசில் பன்னிரண்டாயிரம். இன்று காலை பத்து மணிக்கு ஒரு சுரங்க ரயில் நிலைய வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. பன்னிரண்டரை வரை நின்றோம். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். பத்தே முக்காலுக்கு அவருடைய கணக்கே காணாமல் போய்விட்டது.

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சம்பளத்தில் எட்டு மாதம் சேர்த்து வந்த பயணம். நான் ஏதாவது சொன்னால் உடைந்துவிடுவான் என்று தெரிந்து, பக்கத்தில் மீன் வடிவத்தில் சுட்ட பணியாரம் வாங்கி வந்தேன். உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம், மூன்று 2,000 வோன். கையைச் சுட்டுக்கொண்டு சாப்பிட்டோம். கடைக்கார அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நாலாவது ஒன்றைப் பையில் போட்டுக் காசு வேண்டாம் என்று கையசைத்தார்.

"குவாங்வாமுன் போயிடலாம் அக்கா. அங்கதான் ரோட்டுல திரை வைக்கிறாங்க" என்றான் கடைசியில்.

குவாங்வாமுன் சதுக்கம் அரண்மனைக்கு எதிரே இருக்கிறது. தளபதி யி சுன்-சின் சிலை, கொஞ்சம் தள்ளி மன்னர் சேஜோங் சிலை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இந்த வீதியில்தான் ஊரே சிவப்புச் சட்டையோடு கூடியது. இந்த முறை ஒரு வீடியோ கேம் இறுதிக்காக நகராட்சியே இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு நாளாகவே அங்கே திருவிழா மாதிரிக் கூடாரங்கள், விளையாட்டின் பாத்திரங்களாக வேடமிட்டவர்கள், போட்டோ எடுக்க வரிசை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி. நல்ல ஆங்கிலம். ஜென்ஜி என்ற இன்னொரு கொரிய அணியின் ஜாக்கெட் போட்டிருந்தாள். "உங்கள் அணி காலிறுதியிலேயே போய்விட்டதே, அப்புறம் ஏன்?" என்று தம்பி கேட்டான். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் அவள் கோபப்படவில்லை. அரையிறுதிக்கு வந்த நாலு அணியில் மூன்று சீன அணி, மிச்சமிருந்த ஒரே கொரிய அணி டி1. அதனால் நாளைக்கு மட்டும் டி1-ன் சிவப்பு என்றாள். திங்கட்கிழமை மறுபடி எதிரிதானாம்.

அவளிடம்தான் டிரக் விஷயம் கேட்டேன். இங்கே ரசிகர்களுக்கு அணி நிர்வாகத்தின் மேல் கோபம் வந்தால் பணம் வசூலித்து, மின்திரை பொருத்திய டிரக்கை வாடகைக்கு எடுத்து, அலுவலக வாசலில் நாள் முழுக்க நிறுத்துகிறார்கள். திரையில் கண்டன வாசகம் ஓடும். 2020-ல் டி1 ஒருவரைப் பயிற்சியாளராக எடுக்கப் போகிறது என்று தெரிந்ததும் அப்படி டிரக் வந்து நின்றது, அந்த நியமனமும் நின்றது. இதே ஆட்கள் இன்னொரு நாள் வீரர்களுக்குக் காபி வண்டி அனுப்புவார்கள், அணி முழுக்க இலவசக் காபி, கோப்பையில் வீரர் படம். அவள் இரண்டுக்கும் பணம் போட்டிருக்கிறாள். ஒன்றுக்குப் பெருமைப்பட்டாள். இன்னொன்றைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. தோற்ற ராத்திரியில் பத்தொன்பது வயதுப் பையனின் குடும்பம் வரை இழுத்துத் திட்டி எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதை நான் அன்பின் இன்னொரு முகம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்பு இருந்தால் கை நடுங்கும், எழுத வராது. வீரர்கள் சட்டத்தை நாடுகிற அளவுக்குப் போயிருக்கிறது இது. திட்டி எழுத அரை நிமிடம் போதும். நான் நேற்றுப் பார்த்த மூன்று பக்கக் கடிதத்துக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

சதுக்கத்தின் பக்கத்தில் தரைக்கடியில் இருக்கும் கியோபோ புத்தகக் கடையில் அட்டையும் மார்க்கரும் வாங்கினோம். ராத்திரி விடுதிச் சமையலறை மேசையில் எங்களுக்கு ஒரு பாதி, செங்டு பெண்ணுக்கு ஒரு பாதி. கத்தரிக்கோல் ஒன்றுதான், அது மேசைக்குக் குறுக்கே போய்வந்துகொண்டிருந்தது. அவளுக்கு டோமில் டிக்கெட் இருக்கிறது. எங்கள் கதையைக் கேட்டதும் தன் டிக்கெட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு, அதில் எப்படிப் பெயர் இருக்கிறது, அடையாள அட்டையோடு எப்படி ஒத்துப் பார்ப்பார்கள் என்றெல்லாம் காட்டினாள். அந்த ஆள் டிக்கெட் தந்திருந்தாலும் எங்களால் உள்ளே போயிருக்க முடியாது போல. அது கொஞ்சம் ஆறுதல்தான். ஒரு பை நிறைய ஜெஜு ஆரஞ்சை எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள். தோல் தொட்டதும் கழன்று வருகிற சின்ன ஆரஞ்சு.

அட்டையில் என்ன எழுதுவது? கொரிய மொழியில் எழுதலாம் என்றேன் நான். தம்பி தமிழில்தான் எழுதுவேன் என்றான். "ஏழு வருஷம் காத்திருந்தோம் சாமி." 'சாமி' வேண்டாமே என்று பார்த்தேன். இருக்கட்டும் என்றான். இருக்கட்டும்.

நவம்பர் 19, ஞாயிறு

காலை பதினொன்றுக்கே சதுக்கம் போய்விட்டோம், ஆட்டம் மாலையில். அதற்குள் முன்வரிசைகள் நிறைந்திருந்தன. எல்லோரும் தரையில் பாய் மாதிரி வெள்ளி ஷீட் விரித்து, போர்வை போர்த்தி, அடக்கமாக. இடம் பிடிக்கத் துண்டு போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்தத் துண்டை யாரும் நகர்த்துவதில்லை.

குளிரைச் சமாளிக்க ஹாட்பேக் விற்கிறார்கள், ஒன்று 1,000 வோன். பைக்குள் இரும்புத் தூள். பிரித்துக் குலுக்கினால் காற்றுப் பட்டு சூடாகிவிடும், அரை நாள் தாங்கும். நான் குலுக்காமல் பாக்கெட்டில் வைத்துவிட்டு ஏன் சுடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த அப்பா ஒருவர் வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்து, சூடு வந்ததும் திருப்பிக் கொடுத்தார். அவர் மடியில் ஐந்து வயதுப் பிள்ளை, தலைக்கு மேல் பெரிய டி1 ஜாக்கெட்.

அட்டையைத் தூக்கியதும் சுற்றியிருந்தவர்கள் போட்டோ எடுக்கத் தொடங்கினார்கள். சேஜோங் சிலைப் பக்கம் நடந்துபோன ஒரு பெரியவர், கேம் பார்க்க வந்தவர் இல்லை, நின்று கேட்டார்: இது எந்த எழுத்து? தமிழ் என்றோம். விரலால் காற்றில் 'ழு'வை எழுதிப் பார்த்தார். அப்புறம் சிலையைக் காட்டினார். கொரிய எழுத்தை உண்டாக்கிய ராஜா அவர்தான். எழுத்து வட்டமாக, அழகாக இருக்கிறது என்று பேத்தியை விட்டுச் சொல்லச் சொன்னார்.

இருட்டத் தொடங்கியபோது திரையில் டோம் தெரிந்தது. நியூஜீன்ஸ் என்ற பாடகிகள் குழு பாடியது, சதுக்கமே சேர்ந்து பாடியது. வீரர்கள் உட்கார்ந்ததும் யாரோ ஒரு பெண் எழுந்து "ஹானா, தூல், செட்" என்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. "டி1 ஃபைட்டிங்!" அத்தனை ஆயிரம் குரல் ஒரே வீச்சில். லோல் பார்க்கிலிருந்து மதிய நேரத்தில் டிவி வழியாக வருடக்கணக்கில் கேட்ட சத்தம். என் நெஞ்சில் அது இடித்த விதத்தை எழுதத் தெரியவில்லை.

முதல் ஆட்டம் டி1. இரண்டாவதும். தி ஷை ஒரு மோதலில் தனியாக நின்று சமாளித்தபோது சிவப்புக் கூட்டத்திலிருந்தே கைதட்டல் வந்தது. அவரும் அவர்கள் பையன்தானே. எனக்கு செங்டு பெண் ஞாபகம் வந்தது.

மூன்றாவது ஆட்டம் நடக்கும்போது யாரும் உட்காரவில்லை. நான் திரையைப் பார்த்ததைவிடத் தம்பியைத்தான் அதிகம் பார்த்தேன். அட்டையை வாயில் கடித்துக்கொண்டிருந்தான். வெய்போவின் கோட்டை விழப்போகிற அந்தச் சில நொடியில் சத்தமே இல்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். விழுந்தது. பின்னால் அந்தப் பிள்ளை ஜாக்கெட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியது: "அப்பா! ஃபேக்கர்! அப்பா!"

அந்த 'அப்பா' நம்ம 'அப்பா'வேதான். கொரிய மொழியிலும் அதே சொல். அதைக் கேட்டதும்தான் நான் அழுதேன்.

3–0. ஏழு வருடத்துக்குப் பிறகு, நாலாவது கோப்பை. இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் டி1-ன் சியூஸ், வயது 19. ஃபேக்கர் முதல் கோப்பை வாங்கியபோது அவனுக்கு ஒன்பது. போன வருட இறுதியில் தோற்ற அதே ஐந்து பேர்தான் இந்த வருட இறுதியிலும் ஆடினார்கள், ஒருவரையும் மாற்றவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிசு. ஃபேக்கர் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார். அழவில்லை. பெய்ஜிங்கில் அழுதது போதும்.

யாரென்றே தெரியாத ஆட்கள் தம்பியைக் கட்டிப்பிடித்தார்கள். ஜென்ஜி மாணவியை அந்தக் கூட்டத்தில் மறுபடி பார்க்க முடியவில்லை. கலையும்போது ஒவ்வொருவரும் தன் ஷீட்டை மடித்து, குப்பையைப் பையில் கட்டி, எடுத்துக்கொண்டு போனார்கள். ஒளிரும் குச்சியோடு நின்ற தொண்டர்கள் சுரங்க ரயில் பக்கம் வழி காட்டினார்கள். தள்ளுமுள்ளு இல்லை. குச்சியில் செருகிய மீன் கேக்கும் அது வெந்த சூப்பும் சாப்பிட்டோம், குச்சி ஒன்று 1,000 வோன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அந்தக் கண்ணாடிப் பையன் ஜெயிச்சானா?" என்றாள் எடுத்ததும். ஜெயிச்சிட்டான் அம்மா என்றேன். "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அவன் கை இப்ப எப்படி இருக்காம்?" என்றாள்.

விடுதிக்கு வந்தபோது பதினொன்று. சமையலறை விளக்கு எரிந்தது. செங்டு பெண் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. எங்கள் சிவப்பு ஸ்கார்ஃபைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். அவள் எழுந்து "வாழ்த்துகள்" என்றாள், ஆங்கிலத்தில். எங்களால் பதிலுக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. வெய்போ சீனாவிலிருந்து வந்த நாலு அணியில் நாலாவது இடத்தில் இருந்த அணி. இறுதிக்கு வருவார்கள் என்று எவரும் நினைக்கவில்லை. அதைத் தம்பி சொன்னான். தெரியும் என்று தலையாட்டினாள். மூன்று பேருக்கும் ராமியோன் போட்டேன், இமோவின் கிம்ச்சி டப்பாவைக் கேட்காமலே திறந்து.

நவம்பர் 20, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு விமான நிலையப் பேருந்து. பெட்டியைக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தால், இமோ டிவியில் காலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேக்கர் கோப்பையைத் தூக்குகிறார். இமோ திரையைக் காட்டி, எங்களைக் காட்டி, கை தட்டினார். பையில் இரண்டு அவித்த முட்டையும் மிச்ச ஆரஞ்சும் போட்டுக் கொடுத்தார்.

செங்டு பெண் படியிறங்கி வந்தாள். கையில் அதே கடிதம். நேரில் கொடுக்க வழி கிடைக்கவில்லை, ஊருக்குப் போய் அணி முகவரிக்குத் தபாலில் அனுப்பப் போகிறாளாம். கடைசிப் பக்கத்தின் அடியில் ராத்திரி புதிதாக எழுதிச் சேர்த்திருந்தாள், நாலு வரி இருக்கும். அதை இமோவிடம் நீட்டினாள்.

இமோ டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. பென்சில் முனை வரிகளின் மேலேயே மெதுவாக நகர்ந்து போனது. மூன்றாவது வரியில் ஒரே ஒரு டிக் போட்டார். அவ்வளவுதான். காகிதத்தை மடித்து, பென்சிலையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, எங்களைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிட எழுந்தார்.